வாடகை கொடுப்பவருக்கும் உரிமை உண்டு!

(புதுக்கோட்டை மாவட்ட இளைஞர்கள், வணிகர்கள் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மேடைகளில் ஆட்சியைப் பற்றிப் பேசுகிறோம். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் நம் தலைக்கு மேலே ஒழுகிக் கொண்டிருக்கும் கூரையைப் பற்றி எப்போது பேசினோம்? அறந்தாங்கியிலும், புதுக்கோட்டைக் கடைவீதியிலும், கீரனூரிலும், மீமிசலிலும் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களில் சொந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலோர் வாடகைக்காரர்கள்தாம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் இவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். துணி மூட்டைக்கு மேலே பிளாஸ்டிக் தாள். அரிசி மூட்டைக்குக் கீழே பலகை. சுவரில் ஓதம். சுவிட்சைத் தொட்டால் ஷாக். வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னால் என்ன பதில்? "இஷ்டம் இருந்தால் இரு, இல்லாவிட்டால் காலி பண்ணு!" இதைக் கேட்டுவிட்டு நாமும் தலையைக் குனிந்துகொண்டு வந்து விடுகிறோம். ஏன்? பழுது பார்த்துக் கொடுப்பது அவர் நமக்குக் காட்டும் தயவு என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். தயவு அல்ல சகோதரர்களே, அது கடமை!

மார்க்கம் என்ன சொல்கிறது?

வாடகை ஒப்பந்தத்துக்கு ஃபிக்ஹில் 'இஜாரா' என்று பெயர். இஜாரா என்பது பயனை விற்பது. வீட்டுக்காரர் சுவரை விற்கவில்லை. அந்தச் சுவருக்குள் இருந்து பெறும் பயனை விற்கிறார். பயன் இல்லை என்றால் எதற்கு விலை?

நம் மாவட்டத்தில் ஷாஃபிஈ மத்ஹபினரும் உண்டு, ஹனஃபி மத்ஹபினரும் உண்டு. இந்த விஷயத்தில் இரு மத்ஹபுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. கட்டடத்தைப் பழுது பார்ப்பது உரிமையாளரின் பொறுப்பு. அவர் செய்ய மறுத்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. வீட்டின் சாவியை ஒப்படைப்பதுகூட உரிமையாளரின் கடமை என்று ஷாஃபிஈ நூல்கள் நுணுக்கமாக எழுதி வைத்துள்ளன.

குடியிருப்பவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. குறையைக் கண்ணால் பார்த்து, ஒப்புக்கொண்டே குடியேறியவர், பிறகு அதே குறையைக் காரணமாகச் சொல்லி முறிக்க முடியாது என்பது ஹனஃபி சட்டம். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தானாகவே செலவு செய்து பழுது பார்த்தால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. ஆகவே குடியேறும் முன்பு பாருங்கள். செலவு செய்யும் முன்பு கேளுங்கள்!

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்த பிறகும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துகொண்டு செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது அதன் 108-ஆம் பிரிவு. தீ, புயல், வெள்ளத்தால் கட்டடத்தின் முக்கியப் பகுதி அழிந்து, நிரந்தரமாகப் பயன்படாமல் போனால், குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமையையும் அதே பிரிவு தருகிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கூரை பறந்த கடைக்காரர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஓர் உரிமை இருப்பது தெரிந்திருக்கும்?

அடுத்து 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பழுது பார்க்கக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அனுமதி பெற்று, ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை கழிக்கலாம் என்றது அது. பல பெரியவர்கள் இன்னமும் அந்தச் சட்டத்தையே நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அது போய்விட்டது. வாடகைதாரர், உரிமையாளர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

புதிய சட்டத்தின் அட்டவணை எந்த வேலை யாருடையது என்று பிரித்துச் சொல்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களையும் மின் வயரிங்கையும் மாற்றுவது ஆகியவை உரிமையாளருடையவை. குழாய்த் திருகு, வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு, கைப்பிடி, உடைந்த கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவருடையவை. நீங்களே உடைத்தது என்றால் அதுவும் உங்கள் தலையில்தான். ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டதும் கணக்கில் வரும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

உரிமையாளர் மறுத்தால் நீங்கள் பழுது பார்த்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. குடியிருக்கவே முடியாத நிலை என்றால், எழுத்தில் கேட்டும் செய்யாதபோது, 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். அல்லது வாடகை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாத ஒருவரை மாவட்ட ஆட்சியர் இந்தப் பொறுப்பில் அமர்த்துகிறார். தண்ணீரை நிறுத்துவது, கரண்டைத் துண்டிப்பது போன்ற வேலைகளில் உரிமையாளர் இறங்கினால், உடனே இடைக்கால உத்தரவு போடவும் அந்த அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

உங்கள் ஊர் இந்தச் சட்டத்தின் வரம்பில் வருகிறதா என்பதைப் புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் கோட்டாட்சியர் அலுவலகங்களில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வராத இடத்திலும் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது.

எழுத்தில் இல்லாதவன் ஏமாந்தவன்

நம்மவர்களின் பெரிய பலவீனம் எது தெரியுமா? வாய்ப் பேச்சு! "அத்தா காலத்துக் கடை, முப்பது வருஷப் பழக்கம், எதற்கு எழுத்து?" என்கிறோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதும் அல்ல, நோன்பைப் பற்றியதும் அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது அது! அதை ஓதுகிற சமுதாயமா எழுத்துக்குப் பயப்படுவது?

புதிய சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; பதிவும் செய்ய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காலி செய்ய வைக்க ஒரு காரணமாக அச்சட்டம் ஏற்கிறது. வாய்ப் பேச்சை நம்பி முப்பது ஆண்டு இருந்தவர் முப்பது நாளில் வீதிக்கு வரலாம். ஆகவே நான் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். இரண்டு: வாடகை கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், முடிந்தால் வங்கி வழியாகவே செலுத்துங்கள். மூன்று: பழுதைத் தேதியோடு படம் எடுத்து, கடிதமாக எழுதி, அஞ்சலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். நான்கு: கொத்தனாரிடம் மதிப்பீடு வாங்குங்கள்; செலவுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. கோபத்தில் வாடகையை அடியோடு நிறுத்தி விடாதீர்கள்! இரண்டு மாத நிலுவை உங்களுக்கு எதிரான ஆயுதமாகிவிடும். அவர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஒரு குழந்தையின் உயிர்

"ஓதம்தானே, பூஞ்சைதானே" என்று அலட்சியமாக இருப்பவர்கள் இதைக் கேளுங்கள். இங்கிலாந்து குளிர் நாடு. அங்கே வீட்டைச் சூடாக்கும் சாதனத்தைப் பழுதில்லாமல் வைத்திருப்பது உரிமையாளர் கடமை என்று 1985-லேயே சட்டம் இருக்கிறது. அந்த நாட்டின் ராச்டேல் நகரில், சூடானிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் வாடகை வீட்டில் இருந்தது. சுவரெல்லாம் பூஞ்சை. தகப்பனார் 2017-லேயே முறையிட்டார். "மேலே பெயிண்ட் அடித்துக்கொள்" என்றார்கள். 2020 டிசம்பரில் அவர்களின் இரண்டு வயது மகன் அவாப் இஷாக் இறந்து போனான். நீண்ட காலம் பூஞ்சையைச் சுவாசித்ததால் வந்த மூச்சு நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை தீர்ப்புச் சொன்னது.

அந்த நாடே அதிர்ந்தது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு 'அவாப் சட்டம்' என்றே பெயர். சமூக வீட்டுவசதி அமைப்புகள் அவசர ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும், ஓதம் பூஞ்சையை 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும் என்ற விதி 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் லாப வெறி பிடித்த தனி மனிதர் அல்லர். ஏழைகளுக்கு வீடு கொடுப்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு பொது வீட்டுவசதிச் சங்கம்! நல்ல நோக்கத்துக்காக ஏற்பட்ட அமைப்பு கடமையை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. இந்த இடத்தில் நாம் நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நம் பள்ளிவாசல் கடைகள்?

நம்மில் எத்தனையோ பேர் கடை வைத்திருப்பது பள்ளிவாசல் கட்டடத்தில். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு பெற்ற வக்ஃபு சொத்துகளுக்குப் பொருந்தாது. அதிலேயே விலக்குத் தரப்பட்டிருக்கிறது. பள்ளிவாசல் கடையின் கூரை ஒழுகினால் வாடகை அதிகாரியிடம் போக முடியாது. தகராறு என்றால் வக்ஃபு தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு சின்னப் பெட்டிக்கடைக்காரர் ஒழுகும் ஓட்டுக்காகத் தன் ஜமாஅத்தின் மீதே வழக்குப் போடுவாரா? ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா? அதனால் வாயை மூடிக்கொண்டு நனைகிறார்.

முத்தவல்லிகளே! ஜமாஅத் நிர்வாகிகளே! சட்டம் உங்களுக்கு விலக்குத் தந்திருக்கலாம். அமானத் விலக்குத் தரவில்லை! வக்ஃபுச் சொத்து இடிந்து விழாமல் காப்பது உங்கள் முதல் பொறுப்பு. வரும் வருமானத்தில் முதலில் வக்ஃபைப் பராமரித்துவிட்டுத்தான் மற்றச் செலவு என்பது ஃபிக்ஹு படித்த எவருக்கும் தெரிந்த சட்டம். மினாராவுக்கு வர்ண விளக்கு. கடைக்கு ஒழுகும் ஓடு! இது எந்த நியாயம்?

வாடகைக்கு இருக்கும் சகோதரர்களே, நீங்களும் கேளுங்கள்! தாத்தா காலத்து வாடகையைக் கொடுத்துக்கொண்டு, அதே கடையைப் பல மடங்குக்கு உள்வாடகை விட்டுவிட்டு, "பள்ளி பழுது பார்க்கவில்லை" என்று குறை சொல்ல உங்களுக்கு என்ன முகம் இருக்கிறது? ஊர் நிலவரப்படி நியாயமான வாடகை கொடுங்கள். நெஞ்சை நிமிர்த்திப் பழுது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த மழைக்கு முன்பு உங்கள் மஹல்லாவில் உள்ள பள்ளிவாசல் கடைகளை வரிசையாகப் போய்ப் பாருங்கள். கூரை, சுவர், வயரிங், கழிவறை ஆகியவற்றின் நிலையை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் கடைக்கு ஒப்பந்தம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று குறியுங்கள். ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகளிடம் மரியாதையோடு கொடுங்கள். எத்தனை நாளில் முடியும் என்று தேதி கேளுங்கள். சண்டை போட வேண்டாம். தேதி வாங்காமல் திரும்பவும் வேண்டாம்.

நம் பள்ளிக் கடையின் கூரையை நாமே சரிசெய்துவிட்டோம் என்றால், மற்ற உரிமையாளர்களிடம் நம் உரிமையைக் கேட்கும்போது நம் குரலுக்குத் தனி வலிமை வரும். உரிமையைக் கேட்கும் தைரியத்தையும், பொறுப்பை நிறைவேற்றும் நேர்மையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.