ட்ரூடோவைப் பேசவிட்ட படம்

 

இன்றைக்கு நான் கதைக்க எடுத்துக்கொண்டது ராபின் ஸ்ப்ரை 1973இல் எடுத்த ‘ஆக்‌ஷன்: 1970 அக்டோபர் நெருக்கடி’ என்ற ஆவணப்படம். தயாரித்தது இதே மொன்றியல் நகரத்தில் இயங்கிவந்த தேசியத் திரைப்படச் சபை. பிரதமர் பியர் ட்ரூடோ பதவியில் இருக்கும்போதே, அரசாங்கக் காசிலேயே, அவருடைய முடிவை எடைபோட்ட படம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970 அக்டோபர் 5இல் கியூபெக் விடுதலை முன்னணி, பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் கிராஸை இங்கே கடத்தியது. 10ஆம் திகதி கியூபெக் அமைச்சர் பியர் லப்போர்ட்டைக் கடத்தினார்கள். 13ஆம் திகதி நாடாளுமன்றப் படிகளில் ஒரு செய்தியாளர் ட்ரூடோவை மறித்து, எவ்வளவு தூரம் போவீர்கள் என்று கேட்டார். பொறுத்திருந்து பாருங்கள் என்பதுதான் பதில். 16ஆம் திகதி விடியற்காலை போர்க்கால நடவடிக்கைச் சட்டம் வந்தது. பிடியாணை இல்லாமல் ஏறக்குறைய 500 பேரைப் பிடித்தார்கள். கவிஞர் ஜெரால்ட் கொடன், பாடகி பொலின் ஜூலியன் எல்லோரும் அதில் அடக்கம். பெரும்பாலானோர் குற்றச்சாட்டே இல்லாமல் வெளியே வந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 17ஆம் திகதி லப்போர்ட்டின் உடல் ஒரு காருக்குள் கிடந்தது. கியூபெக் முதல்வரும் மொன்றியல் மேயரும் கேட்டுத்தான் அந்தச் சட்டம் வந்தது. நாட்டில் பெரும்பாலானோர் பிரதமர் பக்கம் நின்றார்கள்.

ஸ்ப்ரை ட்ரூடோவைத் திட்டவில்லை. அவரைப் பேசவிடுகிறார். அந்தப் படிக்கட்டுக் காட்சியில் அவருடைய கூர்மை, சிரிப்பு, எரிச்சல் எல்லாம் தெரிகிறது. முதல் தடவை பார்த்தபோது நானே அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தெருவில் இராணுவம் நிற்கிறது. அப்போதுதான் அந்தச் சிரிப்பு வேறுமாதிரித் தெரியத் தொடங்குகிறது.

ஆனால் பிடிபட்டவரின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று அறிய, மிஷேல் புரோ 1974இல் எடுத்த ‘லே ஓர்த்ர்’ படத்தைப் பார்க்கவேண்டும். அது ஆவணப்படம் இல்லை. பிடிபட்டவர்களைச் சந்தித்துக் கேட்டு, நடிகர்களை வைத்து எடுத்தது. ஏன் பிடித்தோம் என்று அந்த ஐந்து பேருக்கும் யாரும் சொல்வதில்லை.

என் சித்தப்பாவையும் ஒரு விடியற்காலையில்தான் கொண்டுபோனார்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். எட்டு மாதத்துக்குப் பிறகு, ஒரு வழக்கும் இல்லாமல் விட்டார்கள். மொன்றியலுக்கு வந்தபிறகு அவருக்கு ட்ரூடோ என்றால் உயிர். 1971இல் பல்பண்பாட்டுக் கொள்கையை அறிவித்தவர். எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட மனிசன் என்பார். அவருடைய படம் வரவேற்பறையில் தொங்கியது.

‘ஆக்‌ஷனை’ அவரோடு இருந்து பார்த்தேன். கைது நடக்கும் இடத்தில் கேட்டார்: “வழக்குப் போட்டவங்களா?”

“கனபேருக்கு இல்லைச் சித்தப்பா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நல்ல மனிசன்தான். ஆனால் இது பிழை, தம்பி.”

படத்தைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. சொன்னதையும் திருப்பி எடுக்கவில்லை.

தலைவர் என்றால் ஒன்றில் தெய்வம், இல்லாவிட்டால் துரோகி என்று பழகிய ஆட்கள் நாங்கள். நன்றியும் கண்டனமும் ஒரே வாயிலிருந்து வரலாம் என்று எனக்குக் காட்டியது சித்தப்பாதான். எங்களைப் பிடித்த சட்டத்தைக் கண்டிக்கிற நாங்கள், எங்களை ஏற்றுக்கொண்ட நாட்டில் அதே வேலை நடந்தபோது மட்டும் கண்ணை மூடினால், எங்கள் கண்டனத்துக்கு என்ன பெறுமதி?

கனடா அந்தச் சட்டத்தை 1988இல் மாற்றி, நாடாளுமன்றக் கண்காணிப்போடு அவசரகாலச் சட்டம் கொண்டுவந்தது. 2022இல் அதை முதன்முதலில் பயன்படுத்தியவர் ட்ரூடோவின் மகன் ஜஸ்டின். ஆகவே இது பழைய கதை இல்லை. வீட்டில் பெரியவர்களையும் கூப்பிட்டு வைத்து, படத்தை ஒருமுறை பாருங்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்றும் கவனியுங்கள்.