தண்ணீரை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

(கொங்கு நாட்டுக் கிராமமொன்றில் கூடிய குடியானவர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் சோற்றைப் பற்றியது. சோறு என்றால் அதற்குள் தண்ணீரும் அடக்கம். நான் சொல்லுவதை எல்லாம் அப்படியே நம்பிவிடும்படி உங்களைக் கேட்கவில்லை. உங்கள் வயலில் ஒரு மூலையில் செய்து பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

நமது கொங்கு நாடு மேற்கு மலைகளின் மழை மறைவில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்தது போக மிச்சம் மீதிதான் நமக்கு. கோயமுத்தூரில் வருஷம் முழுவதும் பெய்கிற மழை சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர். வழக்கமான முறையில் ஒரு போகம் நெல் விளைய வேண்டிய தண்ணீரோ சுமார் 1,200 மில்லிமீட்டர். ஆற்று வாய்க்கால் இல்லாத இடத்தில் கிணற்றை நம்பி இந்தச் செலவைச் செய்தால் என்ன ஆகும்? வரவு ஐந்து, செலவு பத்து என்று குடித்தனம் நடத்துகிறவன் கடன்காரன் ஆகாமல் வேறு என்ன ஆவான்? நாம் பூமிக்கடியில் இருக்கும் தண்ணீரிடம் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

நம் பாட்டன்மார் மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது மனிதனுக்கும் தெரியும், மாட்டுக்கும் தெரியும். 1932-ல் பைக்காராவில் மின்சார உற்பத்தி தொடங்கியது. பின்னால் மோட்டார் வந்தது. வந்தது நல்லதே, மாட்டின் கழுத்துப் புண் ஆறிற்று. ஆனால் அளந்து பார்க்கும் வழக்கமும் கூடவே போய்விட்டது. இன்று திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆயிரம் அடிக்கும் கீழே துளைக்கிறது. அங்கும் புகைதான் வருகிறது. அந்தப் புகையில் போவது யாருடைய பணம்? பெண்டாட்டியின் தாலிக்கொடியை அடகு வைத்த பணம்!

போர் வற்றினால் நாம் என்ன செய்கிறோம்? உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவனுக்குக் கூலி கொடுக்கிறோம். கழுதைக்குக் கல்யாணம் செய்கிறோம். வருண ஜெபம் செய்கிறோம். 1876 முதல் 1878 வரை இந்த ஜில்லாவைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது கோயில் இல்லாமல் இருந்ததா? பூசைதான் இல்லாமல் இருந்ததா? அப்படியிருந்தும் ஜனங்கள் ஏன் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க, செய்ய வேண்டியது என்ன? நெல் நீர்ப்பயிர், தண்ணீரிலேயே நிற்க வேண்டும் என்று நாம் நம்பி வந்திருக்கிறோம். நெல் தண்ணீரைத் தாங்கும் பயிரே தவிர, தண்ணீரிலேயே கிடக்க வேண்டிய பயிர் அல்ல. இதை மடகாஸ்கர் தீவில் ஆன்றி த லொலானியே என்ற பிரெஞ்சுக்காரர் 1980-களில் எடுத்துக் காட்டினார். அவர் ஒரு பாதிரியார். ஆனால் ஜெபம் செய்து கண்டுபிடிக்கவில்லை. சேற்றில் இறங்கி, நட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

நமது கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் 2000-ஆம் ஆண்டு முதற்கொண்டு இதைச் சோதித்தார்கள். 2003-04-ல் தாமிரபரணி, காவிரிப் பாசனங்களில் குடியானவர் வயல்களிலேயே நட்டுப் பார்த்தார்கள். இதைத்தான் திருந்திய நெல் சாகுபடி என்கிறார்கள். 14 நாள் இளநாற்று, குத்துக்கு ஒரே நாற்று, 22.5 சென்டிமீட்டர் சதுர இடைவெளி; கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவி; தண்ணீரைக் கட்டாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது. ஏக்கருக்கு 20, 30 கிலோ விதை போட்ட இடத்தில் 2, 3 கிலோ போதும்.

எப்போது பாய்ச்சுவது என்று எப்படித் தெரியும்? அதற்கும் ஜோசியர் வேண்டாம். ஒரு அடி நீளக் குழாயில் சுற்றிலும் ஓட்டை போட்டு, பாதியை மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போகிறவரை மடையைத் திறக்க வேண்டாம். பூக்கும் பருவத்தில் மட்டும் காய விடக்கூடாது. பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பிய வழி இது. சில ரூபாய்க் குழாய்த் துண்டு உங்களுக்குக் கண்ணாக நிற்கும்.

மஞ்சள், கரும்பு, வாழை, தென்னைக்குச் சொட்டுநீர் இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்கு அரசாங்கம் இதற்கு 100 சதம் மானியம் கொடுக்கிறது. மற்றவர்களுக்கு 75 சதம். மேட்டுக்காட்டில் சோளம், கம்பு, ராகி இருக்கவே இருக்கிறது. சோளத்துக்கு நெல்லின் தண்ணீரில் பாதிகூட வேண்டாம்.

சிலர் ஆக்ஷேபணை சொல்லுகிறார்கள். "இளநாற்று நடப் பழகிய ஆள் கிடைக்கவில்லை" என்கிறார்கள். வாஸ்தவம். நடுகிறவர்கள் நமது தாய்மார்கள். குனிந்து குனிந்து முதுகொடியும் அவர்களுக்குப் புது வேலையைப் பழக்கி, நியாயமான கூலியும் கொடுக்காமல் முறை சரியில்லை என்பது யோக்கியமாகுமா? "வாய்க்கால் தண்ணீர் நம் கையில் இல்லையே" என்கிறார்கள். அதுவும் வாஸ்தவம். கீழ்பவானியில் 2,07,000 ஏக்கரை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நெல், மறு பாதிக்குப் புன்செய் என்று முறை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் எல்லோருக்கும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆகவே மடைக்கு மடை எல்லோரும் கூடிச் செய்ய வேண்டும். தலைமடைக்காரன் மிச்சம் பிடித்தால்தான் கடைமடைக்காரன் வீட்டில் உலை கொதிக்கும்.

"ரேஷனில் அரிசி கிடைக்கிறதே" என்பார்கள். அந்த அரிசி வானத்திலிருந்தா விழுகிறது? வேறொருவன் வயலிலிருந்து வருகிறது. பஞ்சாபிலும் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது.

முக்கியமாக ஒன்று சொல்லுகிறேன். சொட்டுநீரில் மிச்சமான தண்ணீரைக் கொண்டு இன்னும் இரண்டு ஏக்கரில் வாழை வைத்தால் கிணறு பழையபடியே வற்றும். மிச்சம் என்பது கிணற்றிலே இருக்க வேண்டும். அப்போதுதான் அது மிச்சம். அது நம் பிள்ளைகளின் சோறு.

ஆகவே தோழர்களே! அடுத்த நடவில் கால் ஏக்கரில் மட்டும் இதைச் செய்து பாருங்கள். மோட்டார் ஓடிய மணியையும், அறுத்த மூட்டையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு சொல்லுவதை நம்புங்கள்.