மார்கழிக்கு முன் உங்கள் கீசரைப் பாருங்கள்

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. இன்னும் சில வாரங்களில் கார்த்திகை, அடுத்து மார்கழி. பல மாதங்களாகச் சும்மா கிடந்த கீசர்களை எல்லோரும் ஒரே நேரத்தில் போடப்போகிறோம். அதற்கு முன் சரிபார்க்க வேண்டியவற்றைச் சொல்லச் செயலாளர் எனக்குச் சிறிது நேரம் தந்திருக்கிறார். நான் எலக்ட்ரீஷியனும் இல்லை, கேஸ் மெக்கானிக்கும் இல்லை. வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆகவே நீங்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதை மட்டும் சொல்கிறேன். கழற்ற வேண்டியதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவோம்.

முதலில் கேஸ் கீசர். இரண்டு மாத கரண்ட் பில் அடுத்த ஸ்லாபுக்குத் தாவிவிடுமே என்றுதான் பலரும் இதை வாங்குகிறோம். குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் வரும், கரண்ட் போனாலும் கவலையில்லை. நல்ல சாதனம்தான். ஆனால் அது இருக்க வேண்டிய இடம் குளியலறை இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கீசர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ கேஸ் செலவாகும். 15 நிமிடக் குளியலுக்குக் கால் கிலோ. அந்தக் கால் கிலோ கேஸ் முழுமையாக எரிய 3 கன மீட்டருக்கும் அதிகமான காற்று வேண்டும். 5 அடி அகலம், 7 அடி நீளம், 8 அடி உயரமுள்ள குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 8 கன மீட்டர்தான். கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டால் அந்த 8 கன மீட்டரைத்தான் நீங்களும் கீசரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் வந்ததும் அடுத்தவர் போனால் நிலைமை இன்னும் மோசம்.

காற்று குறையக் குறைய கேஸ் சரியாக எரியாது. அப்போது உண்டாவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் நமக்கு நாற்றம் தெரிவது, அதில் வேண்டுமென்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்ப்பதால்தான். எரிந்த பிறகு வரும் இந்த நச்சு வாயுவுக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது உட்கார்ந்துவிடும். முதலில் தலைவலி, குமட்டல், கால் துவளுதல். பிறகு மயக்கம். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பதால் வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் இதற்கு ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குளியலறையில் விழுந்தவரை வலிப்பு நோயாளி என்று நினைத்து வலிப்புக்கே மருந்து கொடுத்த சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே குளிக்கும்போது உங்கள் வீட்டில் யாருக்காவது தலைசுற்றல் வந்தால், ‘பிரஷர் இறங்கியிருக்கும், வெறும் வயிறு’ என்று விட்டுவிடாதீர்கள். கேஸ் கீசர் இருக்கிறது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

இனி நம் கட்டடத்துக்கு வருவோம். நம் குளியலறைகளின் கண்ணாடிப் பட்டை ஜன்னல்கள் டக்ட் பக்கம் திறக்கின்றன. டக்ட்டில் புறா. புறா எச்சம், முடி, நாற்றம் தாங்காமல் பலர் அந்த ஜன்னலுக்கு அக்ரிலிக் ஷீட் அடித்துவிட்டார்கள். சிலர் கொசுவுக்காக டேப் ஒட்டியிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையிலும் அட்டை வைத்திருக்கிறார்கள். புறாத் தொல்லை உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கேஸ் கீசர் உள்ள குளியலறையில் அந்த ஷீட் புறாவை மட்டும் தடுப்பதில்லை, காற்றையும் தடுக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பீர்கள். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் ஃபேன் சுற்றி என்ன பயன்?

இன்று வீட்டுக்குப் போனதும் கேஸ் கீசரில் இந்த ஐந்தைப் பாருங்கள்.

1. இடம். கீசரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான யுடிலிட்டி பால்கனியில் இருக்க வேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். யுடிலிட்டியையும் கண்ணாடி ஜன்னல் போட்டு அடைத்திருந்தால், கீசர் எரியும்போது அதைத் திறந்து வையுங்கள்.

2. சுடர். முன்பக்கத்துச் சிறு துவாரத்தில் தெரியும் சுடர் நீலமாக, நிலையாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினாலோ, கீசரின் மேல்பகுதியில் கரி படிந்திருந்தாலோ கேஸ் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். சர்வீஸ் செய்யும்வரை போடாதீர்கள்.

3. பற்றும் சத்தம். குழாயைத் திறந்ததும் உடனே பற்ற வேண்டும். சிறிது தாமதித்து ‘டப்’ என்று பற்றினால், கேஸ் சேர்ந்த பிறகு பற்றுகிறது. பேட்டரி தீர்ந்திருக்கலாம், பர்னரில் தூசி அடைத்திருக்கலாம்.

4. ரப்பர் குழாய். அடுப்புக்கு நல்ல ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாய் போட்டிருப்போம். கீசருக்குக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு டியூப் இருக்கும். குழாயில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். 5 ஆண்டு ஆகியிருந்தால் மாற்றுங்கள். மடக்கிப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் தேதி பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம்.

5. அலாரம். சமையலறையில் மாட்டும் கேஸ் கசிவு அலாரம் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. அதற்கென்று தனி அலாரம் விற்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அடுத்து கரண்ட் கீசர். இதில் நச்சுப் புகை இல்லை. ஷாக்கும் அழுத்தமும்தான் கவலை. 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். இதைச் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் கன்வெர்டர் வைத்துப் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அரை மணி ஓடியபின் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது. மெயின் பாக்ஸில் உள்ள ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது உடனே விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எது எப்படியிருந்தாலும், குளிக்கும் முன் கீசரை அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

டேங்க் கீசரின் அடியில் ஒரு சின்ன சேஃப்டி வால்வு இருக்கும். உள்ளே அழுத்தம் கூடினால் அது சொட்டும். ‘ஒழுகுகிறது’ என்று அதை டேப் சுற்றியோ கட்டை அடித்தோ அடைப்பது குக்கரின் வெயிட்டை அழுத்திப் பிடிப்பதற்குச் சமம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு 10 மீட்டர் கீழிறங்கவும் தண்ணீர் அழுத்தம் 1 பார் கூடும். ஆகவே கீழ்த்தளத்து வீடுகளில் இந்த வால்வுக்கு வேலை அதிகம். நம் போர் தண்ணீரின் உப்பு கீசருக்குள் படிந்து சுண்ணாம்பாகக் கெட்டிப்படும். சூடேற நேரமாவதும், உள்ளே கொதிக்கும் சத்தம் கேட்பதும் அதன் அறிகுறி. ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யும்போது மெக்னீசியம் ஆனோடு கம்பி கரைந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பி தான் கரைந்து டேங்க்கைக் காப்பாற்றுகிறது. அது தீர்ந்தால் அடுத்து அரிப்பது டேங்க்கைத்தான்.

ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியதும் தெரிந்திருக்க வேண்டும். குளிக்கப் போனவர் கூப்பிட்டும் பதில் தரவில்லையென்றால் காத்திருக்காதீர்கள், கதவை உடையுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து, கேஸை மூடி, அவரை உடனே வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து 108-ஐ அழையுங்கள். நீங்களும் உள்ளே நிற்காதீர்கள். கேஸ் நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள்.

கடைசியாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, டக்ட்டின் மேல்பகுதிக்கு மெயின்டெனன்ஸ் நிதியிலிருந்தே நைலான் வலை போட வேண்டும். புறா உள்ளே வராவிட்டால் யாரும் ஜன்னலை அடைக்க மாட்டார்கள். இரண்டு, கீசரை யுடிலிட்டிக்கு மாற்றுவதற்காகக் குழாய் கொண்டுபோகச் சுவரில் துளை போட விரும்புபவர்களுக்கு, எலிவேஷன் கெடும் என்று சொல்லாமல் அனுமதி தர வேண்டும். மூன்று, மார்கழி பிறப்பதற்குள் எந்தக் குளியலறைக்குள்ளும் கேஸ் கீசர் இருக்கக்கூடாது என்று இன்றே தீர்மானம் போட வேண்டும்.

வீட்டு உரிமையாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாடகைக்கு இருப்பவர்கள், கேட்டால் வாடகையைக் கூட்டிவிடுவார்களோ என்று தயங்குவார்கள். நீங்களே போன் செய்து, ‘கீசர் எங்கே இருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறதா?’ என்று கேளுங்கள். இடம் மாற்றும் செலவு உங்களுடையது. குளிப்பது அவர்கள் வீட்டுக் குழந்தை.