கூலி கொடுக்கும் நேரம்



புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பல ஆலயங்களில் வாக்குத்தத்த வசன அட்டை ஒன்று தருவார்கள். வீட்டுச் சுவரில் அதை ஒட்டிவைத்து ஆண்டு முழுவதும் ஆறுதல் அடைகிறோம். நல்ல வழக்கம். ஆனால் கடவுள் நம்மிடம் கேட்பவை அந்த அட்டைகளில் பெரும்பாலும் வருவதில்லை. அவற்றை அறிய வேதாகமத்தைத் திறந்து, அதிகாரம் அதிகாரமாக வாசிக்கத்தான் வேண்டும்.

லேவியராகமம் என்றாலே பலிச் சட்டங்கள் என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அதன் 19ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். வயலின் ஓரம்வரை ஒட்ட அறுத்துவிடக் கூடாது. சிந்திய கதிர் ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. காது கேளாதவரை ஏசக் கூடாது. எடைக்கல் சரியாக இருக்க வேண்டும். கூலியாளுக்குச் சேர வேண்டிய பணம் விடியும்வரை நம்மிடம் தங்கக் கூடாது. அடுத்தவரைத் தன்னைப்போல் நேசிக்கச் சொல்லும் கட்டளை, இயேசு பின்னாளில் எடுத்துச் சொன்ன அதே கட்டளை, இருப்பதும் இந்த அதிகாரத்தில்தான். வயலுக்கும் தராசுக்கும் கூலிக்கும் நடுவே அது நிற்கிறது. தனியே பிடுங்கி அட்டையில் அச்சிட்டால் இனிமையாக மட்டும் இருக்கும். இருந்த இடத்தில் வைத்து வாசித்தால் நம் பணப்பையைத் தொடும்.

வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கு இன்று சம்பள நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நாளைக்கு வாங்கிக்கோங்க’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மளிகைக் கடைக்காரரிடம் அவர் இன்று சாயங்காலம் தருவதாகச் சொல்லியிருப்பார். பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம் காத்திருக்கும். காலையில் குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரத்தை வாசித்த வீட்டிலிருந்து மாலையில் அவர் வெறுங்கையோடு படியிறங்கினால், நாம் வாசித்தது என்ன வாசிப்பு?

புதிய ஏற்பாட்டை முதன்முதலில் தமிழில் அச்சிட்டுத் தந்த சீகன்பால்கை இங்கே நினைக்கிறேன். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர், 1708 அக்டோபரில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். சில வாரங்களில் டேனிஷ் கோட்டையின் சிறைக்குப் போனார். ஒரு கடன் தகராறில் தமிழ் விதவை ஒருவருக்காகப் பரிந்து பேசியது, ஏற்கெனவே சீகன்பால்க்மேல் கசப்போடு இருந்த கோட்டைத் தளபதிக்குப் பொறுக்கவில்லை. ஏறக்குறைய நான்கு மாதச் சிறை. வெளியே வந்து, விட்ட வேலையைத் தொடர்ந்து 1711இல் முடித்தார். 1714, 1715 ஆண்டுகளில் தரங்கம்பாடி அச்சகத்தில் அது புத்தகமாயிற்று. அந்தப் புதிய ஏற்பாட்டுக்குள் இருக்கும் யாக்கோபின் நிருபம், திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் துன்பத்தில் தேடிப் போவதைத்தான் தூய பக்தி என்கிறது. அதைத் தமிழாக்க உட்கார்ந்தவர் பேனாவை எடுத்த கையோடு அதன்படி நடக்கவும் செய்தார். எனக்கு அவருடைய மொழிபெயர்ப்பைவிட இந்த நான்கு மாதங்கள் பெரிதாகப் படுகின்றன.

நாளைக் காலை யாக்கோபின் நிருபத்தையே எடுங்கள். ஐந்தே சிறிய அதிகாரங்கள். வீட்டில் ஒருவர் உரக்கப் படித்தால் மற்றவர்கள் ஒரே மூச்சில் கேட்டுவிடலாம். கடைசி அதிகாரத்தில், அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியைப் பற்றிப் படிப்பீர்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, யாருக்குச் சேர வேண்டிய பணம் நம்மிடம் தங்கியிருக்கிறது என்று வீட்டாரோடு பேசுங்கள். இருந்தால், அன்று பொழுது சாய்வதற்குள் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.