கையைக் கட்டிவைத்த கல்வி



ராஜபாளையம் மில்லில் மிஷின் ஓடும்போது நாம் எப்படிப் பேசிக்கொள்கிறோம்? நூல் அறுந்தது, மேஸ்திரி வருகிறார், டீக்குப் போகலாம் – எல்லாம் கை ஜாடைதான். அப்போது யாராவது நம்மை ஊமை என்று அழைத்தால் பொறுப்போமா? பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கோ நம் ஊர்களில் அதுவே பெயராகிவிடுகிறது. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுபோகிறது.

அந்தப் பிள்ளைக்கு வீட்டில் தெரிந்தது சோறு, தண்ணீர், வா, போ என்று பத்து இருபது ஜாடை. தாய்க்குப் புரியும், தெருவுக்குப் புரியாது. தன்னைப்போல் இன்னொரு ஜீவன் உலகத்தில் உண்டென்றே அதற்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது போன்ற பள்ளிக்குப் போனால்தான் அது தெரியவரும். இத்தகைய பள்ளிகளின் விடுதியில் பெரிய பிள்ளைகளைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் ஜாடை மொழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். கேலிக்குப் பயந்து ஒதுங்கி நின்ற பிள்ளை "நாங்கள்" என்று பேசத் தொடங்குகிறது.

ஆனால் பள்ளிக்கூடமே எதிரியாகவும் இருந்திருக்கிறது. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு கூட்டினார்கள். பிரதிநிதிகள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். முதலாளிகள் மட்டும் கூடிக் கூலி நிர்ணயிக்கிற லட்சணம்! வாய்ப்பேச்சே உயர்ந்தது, ஜாடை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பிறகு பல தேசங்களில் ஜாடை காட்டிய பிள்ளைகளின் கைகளைக் கட்டினார்கள், அடித்தார்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள் என்றார்கள். கண்ணாடி முன் நின்று, சத்தமில்லாமல் பணம், மணம் என்று சொல்லிப் பாருங்கள். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். வருஷக்கணக்கில் உச்சரிப்பு வாங்கினதில் கணக்கும் சரித்திரமும் போயின. "நம்மால் ஆகாது" என்ற எண்ணம் மட்டும் நன்றாகப் பதிந்தது. அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவிக்க 130 வருஷம் ஆயிற்று; 2010-ல் வான்கூவரில் தெரிவித்தார்கள்.

நிகராகுவாவைப் பாருங்கள். 1979 புரட்சியை ஒட்டிய வருஷங்களில் மனாகுவா நகரப் பள்ளிகளில் இப்பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஒன்றுசேர்ந்தார்கள். வாத்தியார்கள் உதட்டுப் பாடம் நடத்தினார்கள், அது ஏறவில்லை. பிள்ளைகளோ மைதானத்திலும் பஸ்ஸிலும் தங்கள் ஜாடைகளைச் சேர்த்து ஒரு புது மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். அமெரிக்காவின் காலடெட் சர்வகலாசாலை காது கேளாதோருக்கானது. ஆனாலும் 124 வருஷம் காது கேட்பவரே அதன் தலைவர். 1988 மார்ச்சில் மாணவர்கள் வாசலைப் பூட்டிப் போராடி, ஒரே வாரத்தில் தங்களில் ஒருவரைத் தலைவராக்கினார்கள்.

இங்கே 2016-ஆம் வருஷச் சட்டம், ஜாடை மொழி தெரிந்த வாத்தியார்களை நியமிக்கச் சொல்கிறது. சட்டப் புத்தகம் அலமாரியில் இருந்தால் போதுமா? வெடி ஆபீஸில் தீப்பிடித்தால் "ஓடு" என்ற கூச்சல் காது கேளாத தங்கச்சிக்கு எட்டாது. மருந்துக் கலவையின் ஆபத்தை வாயால் மட்டும் சொன்னால் அவளுக்கு அது சொல்லாததே. சிவகாசி வட்டாரத்தில் காது கேளாத பிள்ளை எந்தெந்த வீட்டில் பள்ளிக்குப் போகாமல் இருக்கிறது என்று கிளை வாரியாகக் கணக்கெடுப்போம். அந்தப் பட்டியலோடு, பெற்றோரையும் படித்து வளர்ந்த காது கேளாத தோழர்களையும் முன்னால் நிறுத்தி, கலெக்டர் ஆபீஸுக்குப் போவோம். அங்கே அவர்கள் ஜாடையில் பேசட்டும். அதைப் புரிந்துகொள்ள ஆள் வைப்பது சர்க்கார் பாடு.