கடைக்குப் போகுமுன் ஒரு கணக்கு



களத்தில் நெல்லை அளந்து போடும்போது, "என்ன விலை தருவீங்க?" என்று வியாபாரியிடம் நாம் கேட்கிறோம். அந்தப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு உரக்கடைக்கோ பலசரக்குக் கடைக்கோ போனால், அங்கேயும் "என்ன விலை?" என்று நாம்தான் கேட்கிறோம். விற்கும்போதும் விலை சொல்பவர் வேறொருவர், வாங்கும்போதும் வேறொருவர். விற்கிற விலையைத் தனி ஆளாக நின்று உயர்த்துவது கடினம். ஆனால் வாங்குகிற விலையில் நம் கையில் இருக்கிற பங்கு கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில், கடையில் சொல்லுகிற விலை எப்படி உருவாகிறது? ஓர் ஏத்தன் குலையை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் வெட்டின குலைக்கு வியாபாரி ஒரு விலை தருகிறார். அதன்மேல் சுமட்டுக்கூலி, வண்டி வாடகை, சந்தைக் கமிஷன் எல்லாம் ஏறுகின்றன. சில்லறைக் கடையில் கட்டித் தொங்கவிட்ட பிறகு சில காய்கள் கறுத்துப் போகும், சில உதிரும். அந்த நஷ்டத்தையும் நல்ல காய்களின் விலையில்தான் கடைக்காரர் சேர்க்க வேண்டும். அதன்மேல் கடை வாடகை, கரண்ட் பில், அவர் வாங்கிய கடனுக்கு வட்டி, கடைசியில் அவருடைய லாபம். ஆகவே தோட்டத்து விலைக்கும் கடை விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் லாபமல்ல. இது தெரிந்தால் கடைக்காரரிடம் வீண் சண்டைக்கு இடமில்லை.

செலவு மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. தேவையும் தீர்மானிக்கிறது. ஓணம் நெருங்கும்போது ஏத்தங்காய்க்குக் கேரளத்திலிருந்து ஆள் வந்துவிடும், விலை ஏறும். தோவாளைப் பூச்சந்தையில் முகூர்த்த நாளுக்கு ஒரு விலை, மறுநாள் வேறு விலை. பூ வாடும் சரக்கு. காலையில் கறாராகப் பேசுகிற வியாபாரி, சந்தை கலைகிற நேரத்தில் இறங்கி வருவார். விசேஷத்துக்கு வேண்டிய சாமான்களில் கெட்டுப்போகாதவற்றை இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே வாங்கி வைப்பது இதனால்தான் நல்லது.

"நியாயமான விலை எதுவென்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். காய்கறிக்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. அதுதான் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பிறகு நம் வடசேரி உட்படப் பல ஊர்களில் வந்தது. அங்கே அதிகாரிகள் காலையில் மொத்த விற்பனை விலையை விசாரித்து, அதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாகவும் விலையை நிர்ணயிக்கிறார்கள். அதைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். இடைத்தரகு இல்லை. விற்கிற விவசாயிக்கும் கூடுதல், வாங்குகிறவருக்கும் லாபம். நீங்கள் அங்கே வாங்காவிட்டாலும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். கையில் முழக்கோல் வைத்திருப்பவரிடம் துணியைக் குறைத்து அளக்க முடியாது அல்லவா?

இனிப் பாக்கெட் சாமான்களுக்கு வருவோம். பாக்கெட்டின்மேல் 'அதிகபட்ச சில்லறை விலை' என்று அச்சடித்திருக்கிறது. எம்.ஆர்.பி. என்று நாம் சொல்வது இதைத்தான். முன்காலத்தில் விலையைப் போட்டுவிட்டு 'உள்ளூர் வரி தனி' என்று எழுதியிருப்பார்கள். அந்த வரி எவ்வளவு என்பது கடைக்காரர் வாயில் இருந்தது. 1990-இல் விதியைத் திருத்தி, எல்லா வரியும் அடங்கிய விலையையே அச்சிட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இப்போது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே வண்டிச் செலவு, ஐஸ் செலவு என்று சொல்லி அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது.

ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. எம்.ஆர்.பி. என்பது மேல் எல்லைதான். அதற்குக் குறைத்துக் கொடுக்கத் தடையில்லை. பாக்கெட்டில் போட்டிருப்பதே நியாய விலை என்று நினைத்து, "கொஞ்சம் குறைச்சுத் தாருங்க அண்ணாச்சி" என்று கேட்காமல் வந்துவிடுகிறோம். கேட்டால் குறைவு ஒன்றுமில்லை.

அடுத்தது, விலையை மட்டும் பார்த்தால் போதாது, எடையையும் பார்க்க வேண்டும். விலை ஏறினால் நாம் முகம் சுளிப்போம் என்று கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும். அதனால் விலையை அப்படியே வைத்துவிட்டு, பாக்கெட்டின் உள்ளே இருப்பதைக் குறைப்பதும் உண்டு. அரிசியைப் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீத வரி வந்தது. உடனே 26 கிலோ பைகள் கடைக்கு வந்துவிட்டன. ஒரு கடையில் 25 கிலோ பை 1,300 ரூபாய், இன்னொரு கடையில் 26 கிலோ பை 1,326 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எது மலிவு? முதலாவது கிலோ 52 ரூபாய், இரண்டாவது 51 ரூபாய். பையின் விலை கூடுதல், அரிசியின் விலை குறைவு. இந்த வகுத்தல் கணக்குத்தான் இன்றைய பேச்சின் சாரம். எதை வாங்கினாலும் ஒரு கிலோவுக்கு, ஒரு லிட்டருக்கு என்ன விலை என்று பாருங்கள். 2021-இல் விதியைத் திருத்தி, ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ உள்ள விலையையும் பாக்கெட்டில் அச்சிடச் செய்திருக்கிறார்கள். எழுத்து பொடியாக இருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லுங்கள்.

உரத்துக்கும் இதே கணக்குத்தான். யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்தது, 2018 முதல் 45 கிலோ ஆகிவிட்டது. அண்மை ஆண்டுகளில் அதற்கு அரசு வைத்த விலை 266 ரூபாய் 50 காசு. கிலோ ஏறக்குறைய 5 ரூபாய் 92 காசு. கந்தகம் பூசிய யூரியாவுக்கும் 2024-இல் அதே 266 ரூபாய் 50 காசுதான் வைத்தார்கள், ஆனால் அந்த மூட்டை 40 கிலோ. கந்தகம் உங்கள் வயலுக்கு வேண்டுமானால் அதை வாங்கலாம். வேண்டாமென்றால், விலை ஒன்றுதானே என்று வாங்கக் கூடாது. மூட்டைக் கணக்கில் பேசாமல் கிலோக் கணக்கில் பேசுங்கள்.

உரக்கடையில் இருப்பும் விலையும் எழுதிய பலகை தொங்க வேண்டும், ரசீது தர வேண்டும். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை அப்படித்தான் சொல்கிறது. "யூரியா வேணும்னா இந்த டானிக்கையும் சேர்த்து எடுக்கணும்" என்று கட்டாயப்படுத்துவதற்கும் தடை இருக்கிறது. பூச்சி மருந்து வாங்கும்போது கம்பெனி வைத்த பெயரைச் சொல்லிக் கேட்காமல், மருந்தின் பெயரையும் அதன் சதவீதத்தையும் சொல்லிக் கேளுங்கள். இமிடாகுளோபிரிட் 17.8 சதவீதம் என்ற ஒரே மருந்து பல பெயர்களில், பல விலைகளில் வருகிறது. வேளாண்மை அலுவலர் எழுதித் தரும் சீட்டில் மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கணக்குப் பார்த்தாலும் ஒரே ஒரு சொல்லில் எல்லாம் போய்விடும். அந்தச் சொல் கடன். "விலையெல்லாம் இப்ப எதுக்கு? கொண்டு போவும், கன்னிப்பூ அறுத்துட்டுத் தாரும்" என்று கடைக்காரர் அன்பாகத்தான் சொல்கிறார். கடனுக்கு வாங்குகிறவர் விலை கேட்கக் கூசுவார், ரசீது கேட்க அதைவிடக் கூசுவார். 1,000 ரூபாய்ச் சரக்கை நாலு மாதம் கழித்து 1,100 ரூபாயாகக் கொடுத்தால் அது நூறு ரூபாய்தானே என்று தோன்றும். வருஷக் கணக்கில் அது 30 சதவீத வட்டி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. அந்த நாலு மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு வட்டி சுமார் 23 ரூபாய். குறித்த நாளில் திருப்பிக் கட்டினால் அதுவும் இல்லை. ஆகவே நாற்று பாவுமுன்பே சங்கத்துக்குப் போய் வாருங்கள். ரொக்கம் கையில் இருந்தால்தான் நாலு கடையில் விசாரிக்க முடியும். கடன்பட்டவருக்கு ஒரே கடைதான்.

எடையிலும் கண் வேண்டும். தராசில் முத்திரை இருக்கிறதா, சாமான் வைக்குமுன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். எடை குறைந்தாலோ, அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலோ தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம். உரமானால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தையும் கூப்பிடலாம். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீதைத்தான். அதைப் பத்திரமாக வையுங்கள்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். அஞ்சு ரூபாய் மிச்சம் பிடிக்க முப்பது ரூபாய் வண்டிக்கூலி கொடுத்து டவுணுக்குப் போவதும் கணக்கல்ல. ஊர்க் கடையில் ஒரு ரூபாய் கூடுதல் என்றாலும் சில சமயம் அதுவே மலிவு. நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் உரமும் அரிசியும் கொண்டுவந்தால் கூலி நாலாகப் பிரியும்.

நெல்லை அளக்கும்போது ஒரு மரக்கால்கூடத் தவறாமல் எண்ணிப் பழகியவர்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். அந்த எண்ணிக்கையைக் கடை வாசலிலும் விடாமல் இருந்தால், களத்தில் வந்த பணத்தில் ஒரு பங்கு வீட்டில் தங்கும். அது பிள்ளைகளின் படிப்புக்கோ அடுத்த கும்பப்பூச் செலவுக்கோ உதவும்.