தோட்டத்துத் தாயும் சேயும்

மலைநாட்டுத் தோட்டமொன்றில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்னும் செய்தியை முதலில் அறிபவர் பெரும்பாலும் அடுத்த காம்பராப் பாட்டியே அன்றி, மருத்துவமாது அல்லர். இது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால், இந்நாட்டின் தாய்சேய் நலப்பணி முழுவதும் மருத்துவமாது காலத்தோடு அச்செய்தியை அறிவதிலேயே தங்கியிருக்கிறது.

1926ஆம் ஆண்டு களுத்துறையில் நிறுவப்பெற்ற சுகாதாரப் பிரிவே, வீடுதேடிச் சென்று கர்ப்பிணிகளைப் பராமரிக்கும் முறையை இலங்கையில் வேரூன்றச் செய்தது. 1930களில் ஆயிரம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய இருபது தாய்மார் உயிரிழந்தனர். இன்று ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய முப்பது பேரே அவ்வாறு இறக்கின்றனர். வளம் மிகுந்த நாடுகளும் வியந்து நோக்கும் மாற்றம் இது.

ஆயினும், தோட்டங்கள் நெடுங்காலம் இச்சேவைக்குப் புறம்பாகவே இருந்தன. மருந்துச் சாலையும் பிள்ளைக்காம்பராவும் நிர்வாகத்தின் பொறுப்பில் நடந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அரசாங்கச் சேவை படிப்படியாக லயங்களை எட்டியது. 2017ஆம் ஆண்டு டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை திறக்கப்பட்டதும் அவ்வழியில் ஒரு படியாகும்.

பிரசவ ஆபத்து குறைந்துவிட்டது. போஷாக்குக் குறை நீங்கவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர்; தோட்டங்களிலோ ஏறக்குறைய முப்பத்திரண்டு பேர். முதலாம் வகுப்பில் சேர வரும் பிள்ளையைக் கண்டு, வயது போதாதோ என்று ஐயுறாத ஆசிரியர் இப்பகுதியில் அரிது.

இக்குறை பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது. இரத்தசோகையுள்ள தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் அதிகம். அதனைத் தடுக்கவே கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். நம் தாய்மாரோ அதனை ரொட்டியோடும் சாயத் தேநீரோடும் விழுங்குகிறார்கள். தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து, இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கிறது. ஆகவே, மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது கழியவேண்டும்.

1973ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷ மாவின் கதையும் சிந்திக்கத்தக்கது. தாய்க்கென்று வரும் பொதி வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் பங்காகிவிடுகிறது. பகிர்ந்துண்பது நற்பண்புதான், பசியுள்ள வீட்டில் வேறு வழியும் இராது. ஆனால், அப்பங்கீட்டில் இன்னும் பிறவாத பிள்ளை தன் பங்கை இழக்கிறது. மாமியாரும் கணவரும் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

குடும்பத்தார் மட்டும் முயன்றாற் போதாது. கிளினிக் நாளில் மலைக்குப் போகாதவளுக்கு அன்றைய பேர் விழாது என்றால், அவள் எதனைத் தெரிந்தெடுப்பாள்? 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அவளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறையை அளித்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தமோ, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை உண்டு என்று வகுத்தது. பிரசவத்திற்கு இவ்வாறு வழிசெய்த நாம், அதற்கு முந்திய கிளினிக் நாட்களிலும் அவளது கூலி குறையாதபடி வழிசெய்தல் வேண்டும். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசி முடிக்கத்தக்க காரியம் இது.

உங்கள் லயத்தில் ஒரு பெண் கருவுற்றிருப்பதாக அறிந்தால், அந்த வாரத்திலேயே மருத்துவமாதுவுக்குச் சொல்லியனுப்புங்கள்.